உடையார்கட்டுக்கு எந்த வண்டி?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியில், விசுவமடுவைக் கடந்தால் உடையார்கட்டு. அதுவரை நமது பழைய யமஹா ஆர்15 காற்றெனப் பறக்கும். குனிந்து பற்றும் கைப்பிடியும், நீரால் குளிரும் 150 சிசி எஞ்சினும் கொண்ட பந்தயச் சாதியன்றோ! குளத்துப் பக்கம் கிரவல் பாதையில் திரும்பியதும் அதன் மிடுக்கு அடங்கிவிடுகிறது. பாதையெங்கும் மாரிமழை அறுத்த பள்ளங்கள். வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளியோ 160 மில்லிமீற்றர்தான். அம்மாவோ அதன் சிறிய பின்னிருக்கையில் ஏறவே மறுக்கிறார்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கவே, மாற்றும் எண்ணம் எழுந்தது. 2019இல் இந்தியாவில் அறிமுகமான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 தரையினின்று 220 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்பது. நீண்ட இருக்கையும் உண்டு. பறப்பதில் ஆர்15க்கு ஈடாகாது. ஆயினும் நாம் நாள்தோறும் படும் பாடு கடைசி இரண்டு மைல்களில் அல்லவா?

எனினும் கை தயங்குகிறது. 2009 போரில் வண்டிகளை வழியிலேயே கைவிட்டு உயிரோடு மட்டும் வெளியேறியவர்கள் இப்பகுதி மக்கள். ஓடுகின்ற வண்டியை விற்பதென்றால் அயலவர் முகம் சுளிப்பர். அதில் நியாயமும் உண்டு.

மாற்றுவதென்றே முடிவு செய்தோம். உதிரிப்பாகங்கள் பரந்தனில் கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பேரம், காலபோக நெல் விற்ற பின்னர்.