துறை யார் பேரில்?

ஏரிக்கரையில் வீடு வாங்கப் போகிறேன் என்று ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ காட்டினேன். புல்வெளி, பைன் மரங்கள், சரிவில் இறங்கும் படிக்கட்டு, கடைசியில் தண்ணீரில் மிதக்கும் மரப் படகுத்துறை, அதன் மேல் ஓர் ஊஞ்சல். பார்க்கிற எவனும் ‘ஆஹா’ என்பான். அப்பா முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவர். ‘ஆஹா’வெல்லாம் அவர் சர்வீஸிலேயே கிடையாது.

“ஏண்டா, வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல மரமா ஒரு துண்டு நிலம் தெரியுதே, அது யாருது?”

“எல்லாம் வீட்டோட சேர்ந்ததுப்பா.”

“யார் சொன்னா?”

“புரோக்கர்.”

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறேன். புறம்போக்கில் மாடி வீடு கட்டிவிட்டு பட்டா கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“இது அமெரிக்காப்பா” என்றேன் கொஞ்சம் ரோஷமாக.

“அங்கேயும் தண்ணி பள்ளத்துலதானே நிக்குது? போய் விசாரி” என்று போனை வைத்துவிட்டார். விசாரித்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா பக்கம் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவன். ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரம் காரோட்டினால் லேக் லேனியர். பெயர்தான் ஏரி. இயற்கையாக வந்ததல்ல. 1950-களில் சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே புஃபோர்டு அணையைக் கட்டித் தேக்கியது. கரை மட்டும் கிட்டத்தட்ட 690 மைல். ஆறு, அணை, தண்ணீர், தண்ணீரைச் சுற்றியுள்ள நிலம் எல்லாம் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை கையில். ஏரிக்கு ராணுவமா என்று நானும் கேட்டேன். ஆமாம் சார், ராணுவம்தான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஊஞ்சலைப் பார்க்கவில்லை, மரங்களைப் பார்த்தேன். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே சில மரங்களில் சிவப்பு பெயிண்ட். முதல் தடவை ஏதோ பூச்சிமருந்து அடையாளம் என்று நினைத்திருந்தேன். அதுதான் எல்லைக்கோடாம். அதோடு வீட்டுக்காரர் நிலம் முடிந்தது. அதற்குக் கீழே சர்க்கார் நிலம். நாளைக்கே முன்பின் தெரியாத ஒருவர் தூண்டிலோடு அங்கே நடந்து போனால், ‘யோவ், யாரய்யா நீ?’ என்று நான் கேட்க முடியாது.

சரி, துறை?

துறையை அவரவர் செலவில் கட்டி மிதக்க விடலாம். அதற்கு ராணுவப் பொறியாளர் ஆபீஸ் ஒரு பர்மிட் தரும். ஐந்து வருஷத்துக்கு. அந்த பர்மிட் சொத்து அல்ல, எந்தச் சொத்துரிமையையும் தராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். பத்திரத்தோடு கை மாறாது. வீட்டை விற்றால் செல்லாது. பர்மிட் வாங்கியவரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் காலமாகிவிட்டாலும் செல்லாது. புதுசாக வருகிறவர் தன் பேரில் புதுசாக மனுப் போட வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அந்த ஆபீஸுக்குப் போனேன். துறையின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு அடித்திருந்தது. அதிலிருந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த ரேஞ்சர் அம்மாள் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னார். வீட்டை விற்கிறவரின் அம்மா பெயர்.

“அவங்க இருக்காங்களா?” என்றார்.

“எட்டு மாசம் முன்னாடி இறந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் அதுக்கு ரொம்ப முன்னாடியே...”

“அப்படின்னா பர்மிட்டும் அன்னிக்கே முடிஞ்சு போச்சு.”

எனக்குக் கை ஜில்லிட்டது. இந்த ஏரியில் 2004-ல் போட்ட திட்டத்தின்படி தனியார் துறைகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 10,615. கரை முழுவதும் துறைக்கு இடமில்லை. வரைபடத்தில் பச்சை அடித்த பகுதியில்தான் புதுசாக இடம். அதிலும் விதிப்படி இருந்தால்தான். துறையோடு ஒரு விலை, துறை இல்லாமல் ஒரு விலை. எனக்குச் சொல்லப்பட்டது முதல் விலை. அதற்காகக் கொடுக்க இருந்ததோ பதினெட்டு வருஷச் சேமிப்பு.

ரேஞ்சர் அம்மாள் நல்லவர். “இடம் பச்சைப் பகுதியிலதான் இருக்கு. மனுப் போடலாம். ஆனா துறை இப்ப உள்ள விதிப்படி இருக்கணும்” என்று ஃபைலைப் புரட்டினார். துறையைத் தாங்குவது பழைய காலத்துத் திறந்த தெர்மகோல். உதிர்ந்து உதிர்ந்து ஏரியில் கலக்கும். இப்போது உறை போட்ட மிதவைதான் போட வேண்டும். ஊஞ்சலும் அதன் கூரையும் அனுமதியில்லாமல் பின்னால் சேர்த்தது. எடுத்தாக வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் நண்பரிடம் சொன்னேன். வீடு வாங்கி விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். “அதிர்ஷ்டக்காரன்யா நீ! வாயைத் திறக்காதே. ஒப்பந்தத்துல வேண்டாம்னு விலக உனக்கு எத்தனை நாள் இருக்கு?”

“பத்து.”

“ஒம்போது நாள் சும்மா இரு. பத்தாவது நாள் பர்மிட் செத்துப்போச்சுன்னு குண்டைத் தூக்கிப் போடு. ஆள் அலறிக்கிட்டு விலையைக் குறைப்பான்.”

யோசனை பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ராத்திரி அதே கணக்கைத்தான் போட்டேன். எவ்வளவு குறைப்பான், மிச்சத்தில் எந்தப் படகு வாங்கலாம் என்றுகூடப் போய்விட்டேன். மூன்றாம் நாள் காபி கொடுக்கும்போது மனைவி சொன்னாள்:

“ஏங்க, அந்த ஆளுக்கு அம்மா போய் எட்டு மாசம்தான் ஆகுது. அவருக்குத் தெரிஞ்சே மறைச்சிருந்தா நீங்க என்ன வேணா பண்ணுங்க. தெரியாம இருந்தா?”

போனேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். நான் சொன்னதும் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ பணம் கட்டுவார், வீட்டு வரி மாதிரி என்று நினைத்திருந்தாராம். “கடைசி நாள்ல சொல்லியிருந்தீங்கன்னா நான் மாட்டியிருப்பேன். அடுத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்துட்டேன்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கடைசி நாளில் சொல்வதாகத்தான் இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில். பத்திரத்துக்கு முன்னாலேயே துறையை அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். அவர்கள் சொல்லும் குறைகளை விற்பவர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். என் பேருக்குப் புது பர்மிட் வரும்வரை விலையில் ஒரு பகுதி வக்கீலிடம் இருக்கும். பர்மிட் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் எனக்கே திரும்பும். நாலு வரிதான். அந்த நாலு வரி இல்லாமல் பதினெட்டு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்க இருந்தேன்!

இதைப் படித்துவிட்டு எல்லா ஏரிக்கும் இதே சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரிக்கு ஏரி ராஜா வேறு. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் நீர்த்தேக்கங்களில் அந்த ஆணையத்திடம் அனுமதி. மின்சாரக் கம்பெனி கட்டிய ஏரியில் அந்தக் கம்பெனியிடம். மின்னசோட்டா மாநிலத்து இயற்கை ஏரிகளில் கரை நிலம் உன்னுடையதென்றால், 8 அடி அகலத்துக்குள் சாதாரணத் துறை போட மாநில அரசின் பர்மிட்கூடப் பொதுவாகத் தேவையில்லை. ஆகவே வாங்குகிறவன் முதலில் கேட்க வேண்டியது ‘தண்ணிக்கு யார் சொந்தக்காரர்?’ இரண்டாவது ‘பர்மிட் யார் பேரில், அவர் உயிரோடு இருக்கிறாரா?’ விற்கிறவனும் இதையே தன்னைக் கேட்டுக்கொண்டால் கடைசி நாளில் அலற வேண்டாம்.

மூன்றாவது கேள்வியைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார்: ‘தண்ணி இறங்கினா துறை எங்கே நிற்கும்?’ ஏரியின் கோடைக்கால முழுக் கொள்ளளவு கடல் மட்டத்துக்கு மேல் 1,071 அடி. 2007 வறட்சியில் அது டிசம்பர் கடைசியில் 1,051 அடிக்கும் கீழே போய்விட்டது. இருபது அடி! அந்த வருஷம் துறைகளெல்லாம் செம்மண்ணில் உட்கார்ந்திருந்தனவாம், வைகையில் மே மாசத்துப் பரிசல் மாதிரி.

விலையில் கொஞ்சம்தான் குறைந்தது. ஆபீஸ் நண்பர் என்னை இன்னமும் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்றுதான் கூப்பிடுகிறார். சாவி கொடுத்த அன்று அந்த மனிதர் ஒரு பிக்கப் வண்டியோடு வந்தார். ஊஞ்சலைத் தானே கழற்றினார். போல்ட்டுகளைக்கூட ஒரு டப்பாவில் எண்ணிப் போட்டுக்கொண்டார். அவர் அப்பா செய்ததாம். வண்டியில் ஏற்ற நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

ஆறு வாரம் கழித்து பர்மிட் வந்தது. அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். பெருமையாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், “அஞ்சு வருஷம்தானா? இதுக்கு குத்தகைன்னு பேரு” என்றார்.

மனைவி மட்டும் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு, “ரெண்டு பேர்ல ஒருத்தர் இருக்கற வரைக்கும் செல்லும், இல்ல?” என்றாள்.

“ஆமா, புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா.”

“அப்ப சரி. நாளைலேர்ந்து காலைல வாக்கிங் போங்க. நான் ஒருத்தியே அந்த ஆபீஸ்ல போய் நிக்க முடியாது” என்றாள்.