அறுந்தது எந்த இழை?



பேகம்பேட்டில் பழைய நாட்களில் ஆராதித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஷம்சாபாத் விமான நிலையம் திறக்கப்படும்வரை, பிரசங்கத்தின் நடுவே பயணிகள் விமானங்கள் தலைக்கு மேல் இரைந்து செல்லும். பிரசங்கியார் சற்று நிறுத்துவார். இரைச்சல் கடந்ததும் தொடர்வார். அது வெளியிலிருந்து வந்த தடை. சபைக்குள்ளிருந்தே எழும்பும் தடை ஒன்றும் உண்டு. மைக் கரகரக்கும், முனகும், திடீரென்று நின்றுபோகும். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் செவி மங்கிய தாயாருக்கு அன்றைய செய்தி பாதியில் அறுந்துபோகும். உடனே எல்லாக் கண்களும் மிக்ஸரின் அருகே நிற்கும் வாலிபனை நோக்கித் திரும்பும்.

வாடகை மண்டபத்தில் கூடும் சபைகளில் இந்த வாலிபனின் ஊழியம் பெரியது. எல்லாருக்கும் முன்னே வந்து கேபிள்களை விரிக்கிறவனும், எல்லாரும் போனபின் அவற்றைச் சுருட்டிக் கட்டுகிறவனும் அவனே. எங்கள் சபையில் அப்படிப்பட்ட ஒருவன் மூன்று வாரங்கள் தொடர்ந்து குறைகூறப்பட்டான். "அவனுக்குக் கவனமில்லை" என்றார் ஒருவர். "எல்லாக் கேபிள்களையும் எறிந்துவிட்டுப் புதியவை வாங்குவோம்" என்றார் மற்றொருவர். நான்காம் வாரம் அவன் வரவில்லை.

அந்த வாரத்தின் புதன்கிழமை, ஒலிபெருக்கித் தொழில் செய்யும் சகோதரர் ஒருவர் கையடக்கமான கேபிள் டெஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மைக் கேபிளுக்குள் இரண்டு கம்பிகளும், அவற்றைச் சுற்றி வலைபோன்ற கவசமும் உண்டு. முனையிலுள்ள மூன்று பின்களில் முதலாவது கவசத்துக்கு உரியது; இரண்டாவதும் மூன்றாவதும் குரலைச் சுமப்பவை. டெஸ்டர் ஒரு முனையிலிருந்து சிறு மின்னோட்டத்தை அனுப்பி, அது மறுமுனைக்கு வந்து சேருகிறதா என்று பார்க்கிறது. மூன்று விளக்குகளும் முறையே எரிந்தால் பாதை சரி. ஒன்று எரியாவிட்டால் அந்த இழை அறுந்திருக்கிறது. எண் மாறி எரிந்தால் கம்பிகள் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. கவசம் அறுந்தால் முனகல் புகும். 48 வோல்ட் மின்சாரம் தேவைப்படும் மைக் வேலை செய்யாது.

விளக்கு எரிந்தது என்று சகோதரர் உடனே கேபிளைக் கழற்றிவிடவில்லை. இரண்டு முனைகளையும் மெல்ல வளைத்து, அசைத்துப் பார்த்தார். அசையாதிருக்கையில் எரிந்த விளக்கு, வளைத்தபோது அணைந்து மறுபடியும் எரிந்தது. வாரந்தோறும் விரித்துச் சுருட்டுவதால், கம்பி பின்னோடு சேரும் இடத்திலேதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. வெளியுறையில் கீறல்கூட இராது. பன்னிரண்டு கேபிள்களில் பழுதானவை இரண்டே. முனையைச் சிறிது வெட்டி, மறுபடியும் ஈயம் வைத்தவுடன் அவையும் சரியாயின. எறிய வேண்டியது ஒன்றுமில்லை. அன்று மாலையே மூப்பர் ஒருவர் வாலிபனின் வீட்டுக்குச் சென்று, "தம்பி, பழுது உன்னிடத்தில் இல்லை" என்று சொல்லி அவனை அழைத்தார்.

உலக சரித்திரத்திலும் இப்படி ஒரு காரியம் உண்டு. 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் போடப்பட்ட தந்திக் கேபிள் வழியாய் இங்கிலாந்தும் அமெரிக்காவும் வாழ்த்துச் சொல்லிக் கொண்டாடின. சில வாரங்களுக்குள் அது மௌனமாயிற்று. மிகுதியான மின்னழுத்தத்தைச் செலுத்திய வைல்ட்மேன் வைட்ஹவுஸ் என்பவர்மேல் பழி விழுந்தது, பணியிலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் செய்தது தவறுதான். ஆயினும், அந்தக் கேபிள் செய்யப்பட்ட விதத்திலும் கையாளப்பட்ட விதத்திலும் முன்னமே குறைகள் இருந்தன என்பது பிற்பாடு நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. 1866இல் புதிய கேபிளைப் போட்டவர்கள், கப்பல் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதை இடைவிடாமல் சோதித்தார்கள். அது நிலைத்தது.

அன்பானவர்களே, டெஸ்டர் தீர்ப்புச் சொல்ல இரண்டு முனைகளும் அதன் கைக்கு வரவேண்டும். ஒரு முனையை மாத்திரம் செருகினால் அதற்கு ஒன்றும் தெரியாது. நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தின் 13ஆம், 17ஆம் வசனங்களை வாசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதை ஞானி கண்டிக்கிறார். சொந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில், ஊரிலிருந்து வரும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டு மருமகளைக் குற்றப்படுத்துகிறோம். பிள்ளையின் மௌனத்தைக் கீழ்ப்படியாமை என்கிறோம். மறுமுனையைக் கேட்டோமா?

மற்றொன்றும் உண்டு. அமைதியாய்க் கிடக்கையில் எல்லாக் கேபிளும் நல்லதாகவே தோன்றும். வளைக்கப்படும்போதுதான் உண்மை தெரியும். நெருக்கத்தில் நம் ஜெபம் அறுந்துபோகுமானால், அது எறிவதற்கான அடையாளம் அல்ல. எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று காட்டுவதற்கே கர்த்தர் நம்மை அசைத்துப் பார்க்கிறார். தாவீது 139ஆம் சங்கீதத்தின் முடிவில் தன்னைச் சோதிக்கும்படி தானே கேட்டான்.

ஆகையால் சனிக்கிழமையே கேபிள்களைச் சோதியுங்கள். ஒருவரைக் குறைசொல்லுமுன் இழையைப் பாருங்கள். கிருபையுள்ள ஆண்டவர் விட்டுப்போன இடங்களை மறுபடியும் இணைத்து, தமது சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்கச் செய்வாராக. ஆமென்.