எண்ணெயும் எண்ணமும்

புதுக் காரின் பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு, மணமகன் ஊர்வலம் போல் மெல்லச் சென்ற காலத்தை நாம் கண்டிருக்கிறோம். அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாட்கள் அவை. புது எஞ்சினை விரட்டக் கூடாது; முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதுமே எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வண்டி வைத்திருந்தோர் அனைவரும் அறிந்திருந்த பாடம் இது.

சென்ற ஆண்டு நம் மகன் ஒரு சிறிய கார் வாங்கினான். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதனுடன் டர்போ. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் முதல் பரிசோதனைக்கு விட்டான். கழுவித் துடைத்து, திருகாணிகளைச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட்டார்கள். தருமபுரியில் நாற்பது ஆண்டுகளாக லாரிகளைப் பிரித்துப் பூட்டிய மேஸ்திரி பாய் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். "ஆயிலு மாத்துனாங்களா?" என்றார். இல்லை என்றோம். தலையை அசைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தலையசைப்பு நம் வீட்டில் ஒரு வார விவாதமாயிற்று.

"அத்தா, பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது மாற்றினால் போதும் என்று புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்" என்றான் மகன். அவன் சொன்னதில் பிழையில்லை. அந்நாளைய எஞ்சினில் சிலிண்டரும் வளையங்களும் ஒன்றோடொன்று உராய்ந்துதான் பொருந்தின. அப்படி உதிர்ந்த உலோகத் துகள் எண்ணெயில் மிதந்தது. அதைப் பிடிக்கும் வடிகட்டிகளும் இன்றைய அளவுக்குச் சிறந்தவையல்ல. இன்று சிலிண்டரின் உட்சுவரை மிக நுண்மையாகக் கடைகிறார்கள். எண்ணெயும் செயற்கை முறையில் செய்யப்பட்டது. ஆகவே, மேஸ்திரி பாயின் பாடம் பொய்யானதன்று; அது வேறு காலத்து எஞ்சினுக்கு உரியது.

ஆனால் டர்போ என்பது வேறொரு கணக்கு. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவதே அதன் வேலை. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற கருத்து இது. சிறிய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடும். பெட்ரோல் எஞ்சினின் புகையோ 900 டிகிரியையும் தாண்டும். இத்தனை வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கி நிற்பது, தண்டைச் சுற்றியுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். வழுவழுப்புத் தருவதும் அதுவே. சூட்டைச் சுமந்து செல்வதும் அதுவே.

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் ஏற்றம் உண்டு. ஒரு நாள் மாலை மகன் அந்த ஏற்றத்தில் வண்டியை நன்றாக மிதித்து ஏற்றி, வேகம் குறையாமல் ஊர் வந்து சேர்ந்தான். மஃரிப் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. வாசலில் நிறுத்திய மறுகணமே எஞ்சினை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினான். மேஸ்திரி பாய் தொழுகை முடிந்தபின் அவனை அழைத்து, "தம்பி, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணை. எஞ்சின் நின்னா ஆயில் பம்பும் நின்னுடும். சூட்டுல நிக்கிற ஆயிலு கருகிக் கரியாயிடும்" என்றார். இக்காலத்து டர்போக்கள் பலவற்றில் குளிர்விக்கும் நீரும் ஓடுவதால் அபாயம் முன்பு போல் இல்லை. எனினும், அந்த ஒரு நிமிடப் பொறுமை வீண் போகாது.

அன்றிரவு நாம் வண்டியின் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தோம். பத்தாயிரம் என்று அச்சிட்ட பக்கத்துக்குப் பின்னால், சிறிய எழுத்தில் வேறொரு பட்டியல் இருந்தது. புழுதி மிகுந்த சாலை, மலைப்பாதை, அதிகச் சுமை, எஞ்சின் சூடேறுமுன்பே முடிந்துவிடும் குறுகிய பயணம் ஆகியவை வாடிக்கையானால் எண்ணெயை முன்னதாகவே மாற்றுக என்றது அது. கடைவீதிக்கும் பள்ளிவாசலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஞாயிறென்றால் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். மாதம் இருமுறை தொப்பூர். நம் வண்டியின் வாழ்க்கையை அருகிருந்து பார்த்து எழுதியது போலிருந்தது! மகன் படித்த பக்கமும் உண்மை. மேஸ்திரி பாயின் தலையசைப்பும் பாதி உண்மை. ஐயாயிரத்தில் மாற்றுவதென்று இருவரும் ஒப்புக்கொண்டனர்.

எண்ணெய் கெட்டியாக இருந்தால் நல்லது என்ற நம் பழைய எண்ணமும் அப்போது உடைந்தது. நுண்ணிய இடைவெளிகளில் விரைந்து பாய்வதற்கென்றே இன்றைய எண்ணெய் மெலிதாகச் செய்யப்படுகிறது. டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில், பொறி விழுமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கேடு ஒன்று உண்டு. அதைத் தடுப்பதையும் கருத்திற்கொண்டே 2020 இல் ஏபிஐ எஸ்பி என்ற தரம் நடைமுறைக்கு வந்தது. புத்தகம் சொல்லும் தரத்தை விட்டுக் கைக்குக் கிடைத்ததை ஊற்றலாகாது.

ஐயாயிரம் ஆனதும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். மூன்றரை லிட்டர் எண்ணெய், வடிகட்டி, கூலி என்று பில் வந்தது, பணம் கட்டினோம். மாலையில் மேஸ்திரி பாய் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். துணி கறுத்தது. டீசல் எஞ்சினானால் புது எண்ணெயும் விரைவில் கறுக்கும். பெட்ரோலில் அரை நாளில் அப்படி ஆகாது. டார்ச் அடித்துக் கீழே பார்த்தார். வடிகட்டியின் மேல் ஐயாயிரம் கிலோமீட்டர் புழுதி அப்படியே படிந்திருந்தது. "தொடவே இல்ல" என்றார்.

நமக்குச் சினம் தலைக்கேறியது. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வாசலில் நின்ற நண்பர்கள் மூவரிடம், அந்த இடம் திருடர் கூடாரம் என்றோம். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி ஒரு சூராவே இறங்கியிருக்கிறது என்று விளக்கமும் சொன்னோம். அவர்களில் ஒருவர் அன்றே தம் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பில்லுடன் சென்றோம். மேற்பார்வையாளர் மறுத்துப் பேசவில்லை. முந்திய நாள் சீட்டுகளை எடுத்து, எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார். இருபது வயதுகூட நிரம்பாத இளைஞன் ஒருவன் தானாகவே முன்வந்தான். "தப்பு என்னுதுதாங்க. ரெண்டும் ஒரே மாடல், ரெண்டும் வெள்ளை. சீட்டு மாறிப்போச்சு" என்றான். நம் வண்டிக்குரிய எண்ணெய், கழுவுவதற்கு மட்டும் வந்திருந்த அரூர்க்காரர் ஒருவரின் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது! திருட்டுமில்லை, மோசடியுமில்லை. எண்ணெயின் விலையை அவன் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக முதலாளி சொன்னார். வேண்டாமென்று நாம் மன்றாடினோம், இசைந்தார்.

நம் கண் முன்னாலேயே வேலை நடந்தது. சூடாக வடிந்த பழைய எண்ணெயை வெயிலில் காட்டினான் அந்த இளைஞன். அதில் மிக மெல்லிய மினுமினுப்பு இருந்தது. எஞ்சினின் முதல் தேய்மானம் அது. மேஸ்திரி பாய் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். வடித்ததை ஒரு பீப்பாயில் ஊற்றி மூடினார்கள். முன்பெல்லாம் அது சாலையோரத்து மண்ணுக்குத்தான் போகும். பழைய எண்ணெயை ஆபத்தான கழிவாகக் கருதிக் கையாள வேண்டுமென 2016 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, 2013 இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த மாவட்டம் நம்முடையது. நீரின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வண்டி வீடு திரும்பியது. ஆனால் நம் சொல் திரும்பவில்லை. ஐயங்களைத் தவிர்க்கவும், புறம் பேசாதிருக்கவும் ஹுஜுராத் சூரா எச்சரிப்பதை அறியாதவரா நாம்? அளவை பற்றிய சூரா வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது; இது வரவில்லை. பிறர் குற்றத்துக்கு ஆதாரம் தேடும்போது நினைவு கூர்மையாகிவிடுகிறது போலும்.

அன்று அஸருக்குப் பின் நண்பர்களைத் தேடிச் சென்றோம். இருவரிடம் உண்மையைச் சொன்னோம். வண்டியை எடுத்துக்கொண்டவர் சிரித்துவிட்டு, மீண்டும் அங்கேயே விடுவதாகச் சொன்னார். மூன்றாமவர் பெங்களூருக்குச் சென்றிருந்தார். தொலைபேசியில் அழைத்தோம். "அப்படியா பாய்? நான் நாலு பேருக்குச் சொல்லிட்டேனே" என்றார். அந்த நால்வர் எவரெவருக்குச் சொன்னார்களோ!

அந்த ஒர்க்‌ஷாப்பாரிடம் நாம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்களைப் பற்றி என்ன சொன்னோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அடியானின் ஹக்கை அந்த அடியானே மன்னிக்க வேண்டும் என்பது மட்டும் நமக்குத் தெரியும். அடுத்த ஐயாயிரம் கிலோமீட்டர் வரை காத்திருக்க நமக்கு உரிமையில்லை. திங்கட்கிழமை காலை, இன்ஷா அல்லாஹ், செல்ல இருக்கிறோம், இம்முறை வண்டியில்லாமல்.