பதினொன்றரை மணிக் காய்ச்சல்

சிராய்த்த முட்டி, மூக்கில் வழியும் ரத்தம், கதவிடுக்கில் நசுங்கிய விரல் இதையெல்லாம் கை பார்த்துக்கொள்ளும். கொச்சி இடப்பள்ளியில் ஒரு பள்ளியின் சிக் ரூமில் நான் ஒருத்திதான் நர்ஸ். முன்பு வார்டில் இருந்தபோது கூப்பிட்டால் டூட்டி டாக்டர் வருவார். இங்கே வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதா, கொஞ்சம் படுக்க வைப்பதா, வீட்டுக்கு போன் போடுவதா, வண்டி வரவழைப்பதா என்று நானேதான் முடிவெடுக்க வேண்டும். களைப்பு முழுக்க அதில்தான்.

அதிகம் வருவது வயிற்றுவலி. ஜான் ஆப்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று 1958இல் எழுதினார். பெரும்பாலானவர்களுக்கு உறுப்பில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு நிஜமான நோய் இருக்க வாய்ப்பு என்பது அவர் பெயரில் வழங்கும் விதி.

"ஒரு விரலால தொட்டுக் காட்டு மோளே" என்பேன். பிள்ளை தொப்புள்மேல் உள்ளங்கையை வைத்து வட்டம் போட்டால் பதற வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டாய், இன்றைக்கு என்ன பரீட்சை, கடைசியாக எப்போது பாத்ரூம் போனாய் என்று நிதானமாகக் கேட்கலாம். விரல் வலது அடிவயிற்றில் போய் நின்றால் ஒற்றைக்காலில் ஒரு தடவை குதிக்கச் சொல்வேன். குதிக்க முடியாமல் பிள்ளை குனிந்துவிட்டால் அப்பெண்டிக்ஸாக இருக்கலாம். அதற்குமேல் கேள்வி கிடையாது, போனை எடுத்துவிடுவேன்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் "அடிவயிறு" என்று இழுத்தால், மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, இன்னும் கீழேயா என்று மெதுவாகக் கேட்பேன். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் ஆக வேண்டும். தாண்டினால் காப்பாற்றுவது கஷ்டம். கூச்சத்தில் இரண்டு பீரியடைக் கடத்திவிட்டுத்தான் அவர்கள் என்னிடம் வருவார்கள்.

பெண் பிள்ளைகளின் வயிற்றுவலி, தலைவலி பலதுக்கும் மருந்து தண்ணீர்தான். பாத்ரூமுக்குப் பயந்து குடிக்காமலே இருந்துவிடுவார்கள். 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடு. கூடவே பாத்ரூம் தாழ்ப்பாளையும் சரி செய்ய வேண்டும்.

காய்ச்சல் வேறு கதை. பல பிள்ளைகளின் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் காக்கநாட்டில் ஐடி வேலை. காலை ஏழரைக்கு பாரசிட்டமால் சிரப் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். மருந்து தாங்குவது நாலிலிருந்து ஆறு மணி நேரம். பதினொன்றரைக்குப் பையன் அனலாய்க் கொதித்துக்கொண்டு என் முன்னால் நிற்பான். போன் செய்தால், "காலையில நல்லாத்தானே இருந்தான் சிஸ்டர்?" எரிச்சல் வரும்தான். ஆனால் லீவு கேட்டுக் கேட்டுச் சலித்த குரல் எனக்கும் தெரியும். மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

2019 நவம்பரில் வயநாடு சுல்தான் பத்தேரியில் பத்து வயதுச் சிறுமியை வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமானதாக எழுந்த கோபத்தில் கேரளமே கொதித்தது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. அதனால் ஆசிரியர்கள் எறும்புக் கடிக்கும் என்னிடம் அனுப்பும்போது நான் முகம் சுளிப்பதில்லை.

இடப்பள்ளியில் தூரத்தைவிட நேரம்தான் எதிரி. போணேக்கரையில் அம்ருதா ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் தேசிய நெடுஞ்சாலை 66உம் 544உம் சந்திக்கும் இடம் இது. லுலு மாலும் அங்கேயே. சாயந்திர நெரிசலில் சைரன் அடித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். அதனால் காலை பத்து மணி வலியைக் கொஞ்ச நேரம் படுக்க வைத்துப் பார்ப்பேன். மதியம் இரண்டரைக்கு அதே வலி வந்தால் காத்திருக்க மாட்டேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கணக்கு இல்லை.

அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் தாங்களாக வந்து சொல்வதில்லை. மறுநாள் நானே போன் செய்து கேட்டு, என் நோட்டில் வலிக்கு எதிரே டாக்டர் சொன்ன நோயின் பெயரை எழுதி வைக்கிறேன். பாதிக் கட்டங்கள் காலிதான். பிள்ளை தேறிவிட்டால் பெற்றோர் என் போனை எடுப்பதில்லை.