கரண்ட் போன ராத்திரி



எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்கிறவன் கறியைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சிரிக்காதீர்கள். ஓம் விதி எங்கள் மாமா வீட்டுக்குள் நுழைந்த கதை இது.

கறியைக் கெடாமல் காப்பது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. விக்கிரமங்கலத்தில் என் அம்மாயி, மிஞ்சின ஆட்டுக்கறியை மெல்லிசாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயப் போடும். அதுதான் உப்புக்கண்டம். மழை மூட்டம் என்றால் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும். லட்சத்தீவின் மினிக்காய் தீவில் சூரை மீனை அவித்து, புகை போட்டு, காய வைத்து மாசி செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றுதான். ஈரத்தை எடுத்துவிட்டால் கிருமிக்குப் பிழைப்பு இல்லை!

வெளிநாட்டில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்துத் திரும்பிய என் தாய்மாமா, புகை போடும் கரண்ட் பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். அத்தையின் தோடு அதற்காக அடகுக்குப் போனது. சின்ன பீரோ மாதிரி இருக்கும். அடியில் 800 வாட் ஹீட்டர், அதன்மேல் மரச் சிராய் போடும் தட்டு, மேலே கறி தொங்கவிடும் கம்பிகள். இது கறியைக் காய வைக்கிற பெட்டி அல்ல. 110 டிகிரியில் புகையோடு மெதுவாக வேக வைக்கிற பெட்டி. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

ஓட்டல்காரர் ஒருவரிடம் சாம்பிள் காட்ட, ஒரு ராத்திரி 10 கிலோ கறியை, பெரிய துண்டுகளாக உள்ளே வைத்தார் மாமா. விடிந்ததும் எனக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது. மாமா நோட்டில் எழுதி வைத்திருந்தார்: "9 மணிக்கு ஆன். 12 மணிக்குப் பெட்டி 65 டிகிரி, கறிக்குள் 38." அதன்பின் அசந்து தூங்கிவிட்டார். ஒரு மணிவாக்கில் கரண்ட் போய், ஐந்து மணிக்குத்தான் வந்திருக்கிறது. வந்த பிறகும் பெட்டி தானாக ஓடவில்லை. திரும்பவும் பட்டனை அழுத்த வேண்டிய மாடல் அது.

கரண்ட் இருந்த நேரத்திலும் ஏன் சூடு ஏறவில்லை? முதல் நாள் இரவு லைட்டெல்லாம் மங்கலாக எரிந்ததாக அத்தை சொன்னார். கணக்குப் போட்டேன். 230 வோல்ட்டில் 800 வாட் என்றால் ஹீட்டரின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 66 ஓம். வோல்டேஜ் 160-க்கு இறங்கினால் கிடைப்பது 387 வாட்தான்! வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்குகிறது, சூடோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வர்க்க விகிதம் என்று பாடத்தில் படித்தோமே, அது இதுதான்.

அம்மாயி மோந்து பார்த்து, "வாசம் நல்லாத்தானே இருக்கு சாமி, மறுபடியும் கொதிக்க வச்சா போச்சு" என்றது. மாமா என் முகத்தைப் பார்த்தார். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் கவரைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாலு மணி நேரத்துக்குள் கறிக்குள் 60 டிகிரி ஏறாவிட்டால் கொட்டிவிட வேண்டும் என்று போட்டிருந்தது.

சாதகமான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நாலு மணி நேரத்தில் 12 தடவை. ஒன்று 4096 ஆகிவிடும்! சில கிருமிகள் கக்கும் விஷம் கொதிக்க வைத்தாலும் சாகாது. புகை வாசமோ கெட்ட வாசத்தை மறைத்துவிடும்.

"கொட்டிடலாம் மாமா" என்றேன். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாமா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்தார். நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட்டு வந்து, "படிச்ச புள்ள சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்றார். செமஸ்டர் ரிசல்ட் வந்தபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடைத்ததில்லை.

அடுத்த வாரம் ஒரு 230 வோல்ட் ரிலே, 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸர் வாங்கினேன். கரண்ட் இருக்கும்வரை ரிலே பஸரைப் பிரித்தே வைத்திருக்கும். போனால் காண்டாக்ட் சேர்ந்து பஸர் அலறும்! நம் லேபில் செய்கிற சர்க்யூட்தான். இப்போது மாமா விடிகாலையில் ஆரம்பித்து, சாயங்காலம் லோடு ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார். ஹீட்டரைப் போடும் முன் மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்க்கிறார். பக்கத்தில் கரி அடுப்பும் தயார். தோடு இன்னும் திரும்பவில்லை, ஆனால் வட்டி தவறாமல் கட்டுகிறார்.

நண்பர்களே! என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் பலர். இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் பரணிலும் பீரோவிலும் தேடிப் பாருங்கள். மிக்ஸியோடும் மோட்டாரோடும் மருந்தோடும் வந்த இங்கிலீஷ் காகிதங்கள் பிரிக்காமலே கிடக்கும். எடுத்துப் படித்து, வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.