ஒண்ணும் சொல்றதில்ல சார்

மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டு சென்னையில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கூடினால், பேச்சு கடைசியில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரிடம்தான் வந்து நிற்கும். வாடகையில் அவர் எடுத்துக்கொள்ளும் பங்கைப் பற்றி யாரும் அதிகம் குறைப்பட்டுக்கொள்வதில்லை. "ஒண்ணும் சொல்றதில்ல சார்" என்பதுதான் பெரும்பாலோர் ஆதங்கம். என்னுடையதும் அதுதான்.

மடிப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு பாத்ரூமில் தண்ணீர் கசிந்து, அடுத்த அறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. குடியிருந்த அம்மா மேனேஜரிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்ததோ மாதக் கணக்கில் ஒற்றை வரி: 'பிளம்பிங் வேலை, ரூ. 4,800'. பில் இல்லை, போட்டோ இல்லை. என் தங்கை நேரில் போனபோது, கட்டிலுக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றிருக்கிறது. விரல் பட்டதும் புட்டி ஈர மாவாக உதிர்ந்ததாம். டைல்ஸ் இடுக்குகளில் பூச்சே இல்லை. அதை விட்டுவிட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றியிருக்கிறார்கள். ஐந்தாம் தேதி தாண்டாமல் வாடகை கொடுத்த அந்தக் குடும்பம் காலி செய்துவிட்டது.

அவர்கள் போனது எனக்கு நஷ்டம், மேனேஜருக்கு வரவு. புது ஆளைக் கொண்டுவந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். இருப்பவர்களைத் தங்கவைத்தால் தனியாக எதுவும் கிடையாது. ஆளைவிட இந்த ஏற்பாட்டின் மீதுதான் எனக்குக் கோபம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், சொத்து மேலாளரின் பொறுப்புகளையும் சொல்கிறது: ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசியமான ரிப்பேர்களைச் செய்வது, அவ்வப்போது வீட்டைப் போய்ப் பார்ப்பது. முதல் இரண்டும் எப்படியோ நடந்துவிடுகின்றன. போய்ப் பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை.

வரி விஷயமும் இப்படித்தான். வெளிநாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு வாடகை தருபவர் வழக்கமாக 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். குடிவரும்போதே சொல்ல வேண்டிய இதை, எங்கள் வீட்டுக்கு அடுத்து வந்தவர் தன் ஆடிட்டர் மூலம் தெரிந்துகொண்டு என்னிடம் சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயமானது.

இப்போது வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். கமிஷனைக் குறைத்து மாதக் கட்டணத்தைக் கூட்டியிருக்கிறேன். குடியிருப்பவர் இரண்டாம் வருடமும் தங்கினால் மேனேஜருக்குத் தனித்தொகை உண்டு. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் மொட்டை மாடியையும் பாத்ரூம் சுவர்களையும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம்.