கூரையிழந்த ஆலயத்தின் முன்னே

இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்று தனுஷ்கோடியை அடைந்தோம். இருபுறமும் கடல், நடுவே மணல்திட்டு. அதன்மேல், பவளப்பாறைக் கற்களால் எழுப்பப்பெற்ற பழைய தேவாலயம் கூரையிழந்து நிற்கின்றது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள்களே இருக்கையில், கடும்புயல் இவ்வூரைத் தாக்கிற்று. காற்று உந்திய கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த இரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு அலைகள் விழுங்கின. பின்னர், இவ்விடம் மக்கள் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது.

புயலில் காற்றினும் கொடியது அது தள்ளிவரும் நீரே. உறுதியான வீடு காற்றைத் தாங்கலாம். தாழ்ந்த கரையில் நிற்கும் வீடு பொங்கும் கடலைத் தாங்குவதரிது. ஆகவே, வெளியேறுமாறு அறிவிப்பு வந்ததும், பகல் வெளிச்சத்திலேயே மேட்டுநிலம் சேர்தல் வேண்டும். முதியோரையும் நோயாளரையும் யார் அழைத்துச் செல்வது என்பதை மழைக்காலத்துக்கு முன்னரே குடும்பத்தில் பேசி முடிவுசெய்தல் நலம். காற்றுத் திடீரென ஓய்ந்தாலும் வெளியே வரலாகாது; அது புயலின் கண்ணாயிருக்கலாம். சற்றுநேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும்.

இன்று புயலின் போக்கு நாள்கள் முன்னரே அறிவிக்கப்படுகின்றது. அதைக் கேட்டும், வீட்டையும் வலையையும் விட மனமின்றி, "ஆண்டவர் காப்பார்" என்று தங்கிவிடுவது விசுவாசமன்று. அவர் தந்த அறிவைப் புறக்கணிப்பதேயாகும். இவ்வாலயமும் அலைக்குத் தப்பவில்லையன்றோ!

மாண்டோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபித்துவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பினோம்.